பாரில் பாடுகிற பாட்டைப் பொட்காஸ்டாக்க என்ன வேண்டும்?

தம்பி, முதலில் உம்முடைய கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் உம்முடைய மாமாவுக்கு ஒரு சின்ன பார் இருக்கிறது. சனிக்கிழமை இரவில் ஒரு கீபோட், ஒரு டோலக், மாறி மாறி நாலைந்து பாடகர்கள். ஐம்பது பேர் வரையில் வந்திருந்து கேட்கிறார்கள். அதைப் பொட்காஸ்டாக்கி மாதம் இரண்டு தரம் வெளியிட வேண்டும். என்ன மைக் வாங்குவது, எங்கே ஏற்றுவது, சினிமாப் பாட்டு வந்தால் பிரச்சினையா, என்ன பெயர் வைப்பது என்று நாலு விசயம் கேட்டிருக்கிறீர்.

நான் இருபது வருசத்துக்கு மேல் சவுண்ட் சேர்விஸ் வேலை பார்த்தவன். கோயில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பிறகு ஒலிப்பதிவும். மைக் பற்றிச் சொல்லத்தான் எனக்குக் கை துருதுருக்கிறது. ஆனால் அதுக்கு முன்னால் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உம்முடைய பொட்காஸ்டை யார் கேட்கப் போகிறார்கள் என்று யோசித்தீரா? அன்றிரவு பாரில் இருந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அவர்கள் ஒருதரம் கேட்டாயிற்று, அதுவும் பாதி நினைவில்லை. கேட்கப் போகிறவர் ஸ்காபரோவில் சனிக்கிழமை காலையில் சமைத்துக்கொண்டு நிற்கிறவர், லண்டனில் இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வருகிறவர், பாரிஸ் லாச்சப்பலில் கடையைப் பூட்டுகிறவர். அவரிடம் அந்தப் பாட்டு ஏற்கெனவே இருக்கிறது, மூலப் பாடகர் பாடினது, ஒரு தூசி இல்லாமல். உம்முடைய மாமாவின் பாரில் பாடுகிறவர் அதைவிட நல்லாய்ப் பாடப்போவதில்லை. அவருக்கு வேண்டியது பாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டாவது அடியைப் பிழையாய்ச் சேர்ந்து பாடுகிற பின்மேசைக் குரல், கதிரை இழுபடுகிற சத்தம், “அண்ணை, அந்தப் பழசு ஒண்டு” என்று கேட்கிற ஆள், கோண்டாவில் தாண்டிப் போகிற ரெயிலின் ஊதல், ஐப்பசியில் தகரக் கூரையில் விழுகிற மழை. அந்த அறைதான் உம்மிடம் இருக்கிற சரக்கு.

சிக்கலும் அந்த அறைதான். எங்கட ஊரில் யார் யார் பாருக்குப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்வதில்லை. பக்கத்து ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வருகிறவர்கள் எத்தனை பேர் என்று மாமாவிடம் கேளும். ஒருவர் ஆசிரியர், ஒருவர் வங்கியில் வேலை, ஒருவருக்கு மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறது. இவர்களின் சிரிப்பு ஸ்காபரோவில் கேட்டால், அன்று இரவுக்குள்ளேயே வாட்ஸ்அப்பில் கோண்டாவிலுக்குத் திரும்பி வந்துவிடும்.

எனக்கே பட்ட அனுபவம் இருக்கிறது. கசெற் காலத்தில் ஒரு வீட்டுக் கொண்டாட்டத்தில் பாட்டுகளைப் பதிந்து, ஆசைக்கு இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒருவர் தன் மச்சானைப் பற்றி வாய்விட்டது அதில் வடிவாய் விழுந்திருந்தது. நான் அதைக் கேட்கவே இல்லை, பாட்டைத்தான் கேட்டேன். இரண்டு குடும்பம் இரண்டு வருசம் பேச்சு இல்லை. அதுக்குப் பிறகு நான் எதைப் பதிந்தாலும் ஒருதரம் பாட்டுக்காகவும் ஒருதரம் பேச்சுக்காகவும் கேட்காமல் வெளியில் விடுவதில்லை.

ஆகவே அறை கேட்க வேண்டும், ஆள் கேட்கக்கூடாது. மைக் வைக்கிற இடத்திலிருந்து வெட்டி ஒட்டுகிற வரைக்கும் இனி நான் சொல்லப்போகிற எல்லாம் இதற்காகத்தான்.

மாமாவின் மிக்ஸரில் இருந்து, அதாவது மைக்கையும் கீபோட்டையும் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிற பெட்டியில் இருந்து, ஒரு வயர் இழுத்துப் பதிந்தால் காணும் என்று உமக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள், நானும் செய்தேன். அடுத்த நாள் வீட்டில் போட்டுக் கேட்டால் பாடகரின் குரல் மட்டும் காதுக்குள் வந்து நிற்கும், டோலக் எங்கேயோ பக்கத்து வீட்டில் அடிக்கிற மாதிரி இருக்கும். காரணம் இதுதான். சின்ன அறையில் டோலக்குக்கு ஒலிபெருக்கி தேவையில்லை, தானாகவே கேட்கும். அதனால் மிக்ஸரில் அதன் அளவைக் குறைத்து வைத்திருப்பார்கள், அல்லது அதுக்கு மைக்கே வைக்கமாட்டார்கள். குரலுக்குத்தான் உதவி தேவை, ஆகவே குரல்தான் மிக்ஸரில் நிறைய இருக்கும். அறையில் எது பெரிதோ அது மிக்ஸரில் சிறிது, அறையில் எது சிறிதோ அது மிக்ஸரில் பெரிது. மிக்ஸரில் இருந்து வருவது அன்றிரவின் தலைகீழ்ப் படம்.

மறுபக்கம், ஒரு ரெக்கோடரை மேசையில் வைத்துவிட்டுப் போனால் அறை முழுக்க வரும், சொல் விளங்காது. இரண்டையும் கலக்க வேண்டும். நாலு தடம் பதிகிற, அதாவது நாலு சத்தத்தை ஒரே நேரத்தில் தனித்தனியாய்ப் பதிகிற, கைக்கு அடக்கமான ரெக்கோடர் ஒன்றுதான் உமக்குத் தேவை. ஸூம் எச்5, எச்4என் புரோ, புதிதாய் வந்த எச்4 எசென்ஷியல் எல்லாம் இந்த வகை. தலையில் இரண்டு மைக் பொருத்தியிருக்கும், கீழே இரண்டு வயர் குத்த இடம் இருக்கும். தலை மைக் இரண்டும் அறைக்கு, கீழே ஒன்று மிக்ஸருக்கு, மற்றது டோலக்குக்கு. எல்லாம் ஒரே மெசினில் விழுவதால் நேரம் பிசகாது. மிக்ஸரை லப்டொப்பிலும் அறையைப் போனிலும் தனித்தனியாய்ப் பதிந்தால், இரண்டின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒரு மணித்தியாலம் போனதும் தாளம் இரட்டையாய்க் கேட்கத் தொடங்கும்.

மிக்ஸரில் இருந்து வருவது லைன் அளவு, மைக் அளவைவிடப் பல மடங்கு பெரிது. மைக்குக்கென்று அமைந்த துளையில் நேரே குத்தினால் சத்தம் கிழியும். ரெக்கோடரில் லைன் என்று மாற்றுகிற இடத்தையோ அளவைக் குறைக்கிற பொத்தானையோ முதலில் தேடும். மாமாவின் மிக்ஸரில் பதிவுக்கென்று தனி வெளிவாய் இருந்தால் அதையே எடும். சில மிக்ஸர்களில் அப்போது யாராவது பெரிய ஒலிபெருக்கியைக் கூட்டிக் குறைத்தாலும் உம்முடைய பதிவு ஆடாது. பல சின்ன மிக்ஸர்களில் அதுவும் ஆடும், எதற்கும் ஒருதரம் கூட்டிக் குறைத்துப் பாரும்.

பாடகருக்குப் புது மைக் வாங்காதேயும். அங்கே ஏற்கெனவே இருப்பது ஷுவர் எஸ்எம்58 அல்லது அதன் போலி. 1966இல் வந்த மைக், இன்றைக்கும் பாடுகிறவர் கையில் அதுதான் இருக்கிறது. போலி நிறைய உலாவுகிறது, ஆனால் போலியானாலும் சனிக்கிழமைக்குக் காணும். அந்தக் காசை நல்ல வயருக்கும் ஒரு உயரமான மைக் ஸ்ராண்டுக்கும் போடும். பார்களில் பதிவு கெடுவது பெரும்பாலும் காலில் மிதிபட்ட வயரால்.

ஸ்ராண்ட் ஏன் உயரமாய் இருக்க வேண்டும் என்றால், அறைக்கு வைக்கிற மைக் மேசை மட்டத்தில் இருக்கக்கூடாது. மேசை மட்டத்தில் பேச்சும் கிளாசும்தான் இருக்கின்றன. பாடகரிலிருந்து 3 மீற்றர் தள்ளி, ஆள் உயரத்தைத் தாண்டி, நிலத்திலிருந்து 2 மீற்றருக்கு மேல் தூக்கி, முகத்தை மேடைப் பக்கம் திருப்பி வையும். மேசைகள் மைக்கின் முதுகுப் பக்கம் வரட்டும். அப்போது கூட்டம் கேட்கும், கைதட்டல் கேட்கும், சேர்ந்து பாடுவது கேட்கும், ஆனால் இன்னார் இன்னதைச் சொன்னார் என்று பிரித்தெடுக்க முடியாத இரைச்சலாய் இருக்கும். அதுதான் எங்களுக்கு வேண்டும். சுழல்கிற ஃபானுக்கு நேர் கீழே மட்டும் வையாதேயும், காற்றுப் பட்டு மைக் முழங்கும். மாசியிலும் பங்குனியிலும் ஃபானை நிறுத்தச் சொன்னால் மாமாவிடம் ஆள் வராது. ஆகவே பஞ்சுத் தொப்பி ஒன்று போடும், ரெக்கோடரில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற அடிச்சத்தத்தை வெட்டுகிற வசதியைத் திறந்து விடும். பிரிட்ஜ் இரைச்சலும் அதில் பாதி போய்விடும்.

மின்சாரத்தில் குத்தாதேயும், பற்றரியில் ஓட்டும். இரண்டு காரணம். மிக்ஸரும் உம்முடைய சாமானும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் 50 ஹேர்ட்ஸ் உறுமல் வந்து ஒட்டிக்கொள்ளும், பற்றரி என்றால் பெரும்பாலும் வராது. மற்றது கரண்ட் போகிற விசயம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்து பழகிய ஆட்கள் நாங்கள். இப்போது அப்படி இல்லாவிட்டாலும் ஜெனரேற்றர் மாறுகிற அந்த நாலு விநாடியில் பிளக்கில் குத்தின மெசின் நின்றால், அதுவரை பதிந்த கோப்பு திறக்காமலும் போகலாம். இன்னொன்று, ஆட்கள் இருட்டில் பாடிக்கொண்டே இருப்பார்கள். மைக் இல்லாமல், கீபோட் இல்லாமல், டோலக்கோடு மட்டும். அந்த இரவின் மிக நல்ல மூன்று நிமிடம் அதுவாய் இருக்கக்கூடும், உம்முடைய பற்றரி அதைப் பிடிக்கும்.

அளவு வைப்பதில் ஒரு சின்ன விசயம். மாலை 6 மணிக்குச் சரிபார்க்கப் பாடுகிறவர் 9 மணிக்குப் பாடுகிற ஆள் அல்ல. குரலும் கூடும், கூட்டமும் கூடும். சரிபார்க்கும்போது முள் −18 டெசிபல் பக்கம் நிற்கட்டும், இரவில் தானாகவே −10க்கு வரும். 24 பிட்டில், 48 கிலோஹேர்ட்ஸில் பதிந்தால் மெல்லிசாய் விழுந்ததைப் பிறகு தூக்கலாம், கிழிந்ததைத் தைக்க முடியாது. 32 பிட் ஃபுளோட் ரெக்கோடர் என்றால் இந்தக் கவலை குறைவு. அதிலும் மிக்ஸரிலேயே கிழிந்து வந்த சத்தம் கிழிந்ததுதான். நாலு தடம் 24 பிட்டில் மூன்று மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 6 ஜிபி போகும். 32 ஜிபி கார்ட் ஒன்றில் ஐந்து சனிக்கிழமை அடங்கும், ஆனால் ஞாயிறு காலையிலேயே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையும்.

கூத்துப் பாடுகிறவரை ஒருநாள் கூப்பிடும். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரிடம் பழகின குரல்கள் இன்னும் இருக்கின்றன. சினிமாப் பாட்டுப் பாடுகிறவர் மைக்கை உதட்டோடு வைத்துப் பாடப் பழகினவர். கிட்ட வைத்தால் அடிக்குரல் தடித்துக் கேட்கும், அது மைக்கின் குணம், அவருக்கு அது பிடிக்கும். கூத்துக்காரர் அப்படி அல்ல. வெட்டவெளியில், விடிய விடிய, கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகின தொண்டை அது. அவர் கையில் மைக்கைக் கொடுத்தீரென்றால் முதல் தருவிலேயே, அதாவது முதல் கூத்துப் பாட்டிலேயே, மிக்ஸரின் சிவப்பு லைற் எல்லாம் எரியும். மைக்கே கொடாதேயும். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, உம்முடைய உயரமான ஸ்ராண்டை 2 மீற்றருக்குக் கொண்டு வாரும். மத்தளம் அவருக்குப் பின்னால், சல்லரி என்கிற தாளம் மைக்கிலிருந்து இன்னும் தூரத்தில். சல்லரி சின்னச் சாமான், ஆனால் பதிவில் எல்லாவற்றையும் தின்றுவிடும். பிற்பாட்டுக்காரரை அரைவட்டமாய் நிற்கச் சொல்லும். இப்படி ஒரு ஜோடி மைக்கால் எடுத்தால் கலக்கிற வேலையே இல்லை, அவர்கள் நிற்கிற இடமே கலவை. என்னைக் கேட்டால் உம்முடைய முதல் அத்தியாயமே இதுவாய் இருக்கலாம். மாமா சம்மதிக்கமாட்டார், சனம் பொப்பிசைதான் கேட்கும் என்பார். அவர் சொல்வதும் சரிதான், அது அவருடைய வியாபாரம்.

இனிச் சம்மதம். பாடுகிறவருக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டு எழுதினவரையும் மெட்டமைத்தவரையும் மட்டும் பார்ப்பதில்லை, நிகழ்த்துகிறவரையும் பார்க்கிறது. அவருடைய அனுமதி இல்லாமல் அவர் நேரில் பாடினதைப் பதிந்து வெளியிடக்கூடாது. “மாமாட பார், மாமா சம்மதம்” என்பது போதாது. ஒரு தாளில் தமிழில் நாலு வரி எழுதும்: என்ன தேதி, என்ன பாட்டு, என்ன பெயரில் வெளியிடுவது, காசு ஏதும் வந்தால் எப்படிப் பிரிப்பது. பெயர் விசயத்தைக் கட்டாயம் கேளும். பாரில் பாடுகிற ஆள் ஞாயிறு காலையில் வேறு ஒரு இடத்தில் பாடுகிறவராய் இருப்பார், பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவராயும் இருக்கலாம். புனைபெயர் கேட்டால் சந்தோசமாய்க் கொடும். கையெழுத்தைப் பாடுவதற்கு முன்னால் வாங்கும், இரவு 10 மணிக்கு வாங்கின கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை.

கேட்க வந்தவர்களுக்கு வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: இன்றிரவு ஒலிப்பதிவு நடக்கிறது. வந்தவர் வாசித்துவிட்டு மற்றப் பக்கம் போக நினைத்தால் அதுக்கும் ஒரு மூலை இருக்க வேண்டும், மைக்கிலிருந்து தூரத்தில் இரண்டு மேசை. மாமா முதலில் பயப்படுவார், பலகையைப் பார்த்தால் ஆள் குறையும் என்று. ஆகவே எல்லாச் சனிக்கிழமையும் பதியாதேயும். மாதத்தில் ஒன்று போதும், ஒரு இரவிலிருந்து இரண்டு அத்தியாயம் வரும். மற்ற மூன்று சனிக்கிழமையும் அவருடையதாகவே இருக்கட்டும்.

வெட்டுகிற வேலை ஓடாசிற்றியில் செய்யலாம், இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். முதலில் அறைத் தடத்தையும் மிக்ஸர் தடத்தையும் பொருத்தும். சத்தம் எங்கட வெக்கையில் விநாடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகிறது, ஆகவே 3 மீற்றரில் இருக்கிற மைக்குக்கு 9 மில்லிவிநாடி பிந்தி வரும். சின்ன எண்தான், ஆனால் அதைச் சரிசெய்யாவிட்டால் குரல் தகரக் குழாய்க்குள் பாடுகிற மாதிரி இருக்கும். தொடங்க முன்னம் பாடகரைத் தன் மைக்குக்கு முன்னால் ஒருதரம் கைதட்டச் சொல்லும். இரண்டு தடத்திலும் அந்தக் கைதட்டலின் கூர்முனை எங்கே நிற்கிறது என்று பார்த்து மிக்ஸர் தடத்தைப் பின்னுக்கு நகர்த்தினால் சரி. பிறகு அறைத் தடத்தை முதலில் முழுதாய்த் திறந்து, சொல் விளங்குகிற அளவுக்கு மட்டும் மிக்ஸர் தடத்தைக் கொண்டு வாரும். பெரும்பாலானவர்கள் இதை மறுவளமாய்ச் செய்வார்கள். மிக்ஸரை முதலில் வைத்து அறையைக் கொஞ்சம் தூவினால் கரோக்கே போலத்தான் வரும்.

மூன்று மணித்தியாலத்தை அப்படியே போடாதேயும். நாற்பது நிமிடம் போதும், ஆறு பாட்டு, நடுவில் ஒரு பேச்சு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் பெயர்களும் கதைகளும் விழும், அதை வெட்டும். வெட்டின இடம் குழியாய்த் தெரியாமல் இருக்க, அதே இரவில் பாட்டு இல்லாத நேரத்தில் கிடைத்த வெறும் இரைச்சலில் கொஞ்சம் எடுத்து ஒட்டும். கைதட்டலை முழுதாய் விடும். பிறகு ஹெட்போனில் முழுவதையும் ஒருதரம், பாட்டை விட்டுவிட்டுப் பேச்சுக்காக மட்டும் கேளும். மாமாவையும் பக்கத்தில் இருத்தும். உமக்குத் தெரியாத சிரிப்பு அவருக்குத் தெரியும். பதிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு வெளியிடும், யாராவது வந்து “அந்த இடத்தை எடுத்துவிடு” என்று சொல்ல அவகாசம் இருக்கும். சொன்னால் ஏன் என்று கேளாமல் எடுத்துவிடும்.

பாடகரோடு பேசுகிற ஐந்து நிமிடத்தைப் பாருக்குள் பதியாதேயும். பின்னால் நிற்கிற காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதியும். சீற், கூரைத்துணி எல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும், ஸ்ரூடியோக்காரருக்குக் காசு கொடுத்தாலும் இதைவிடப் பெரிதாய் வராது. உம்முடைய அறிமுகத்தையும் அங்கேயே பேசும். பழைய வானொலிக் குரலில் “அன்பார்ந்த நேயர்களே” என்று தொடங்க உமக்கு ஆசை வரும், எங்கட ஊரில் மைக்கைப் பிடித்த எல்லாருக்கும் வரும். வேண்டாம். மாமா மேசைக்கு வந்து கதைக்கிற மாதிரிக் கதையும்.

கடைசியாய் முழு அத்தியாயத்தின் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டு வர வேண்டும். அப்பிள் சொல்கிற அளவு −16 எல்.யு.எஃப்.எஸ்., அது காதுக்குக் கேட்கிற சராசரிச் சத்தத்தின் அளவுகோல், உச்சம் −1 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. ஓடாசிற்றியிலேயே அதற்கொரு வசதி இருக்கிறது. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் நாற்பது நிமிடம் 38 எம்பி வரும். மோனோ ஆக்கினால் பாதி டேற்றாதான், ஆனால் அறை செத்துவிடும். ஸ்ரீரியோவிலேயே விடும்.

எங்கே ஏற்றுவது என்ற கேள்விக்குப் பதில் சின்னது. பொட்காஸ்ட் என்பது ஒரு ஆர்எஸ்எஸ் முகவரி, புது அத்தியாயம் வந்ததைக் கேட்கிற செயலிகளுக்குத் தெரியப்படுத்துகிற இணைய முகவரி, அவ்வளவுதான். ஸ்பொட்டிஃபை ஃபோர் கிரியேற்றர்ஸ் போன்ற இலவச இடம் ஒன்றில் வைத்தால் அந்த முகவரியை அது தரும், அதை அப்பிளுக்கும் யூரியூபுக்கும் ஒருதரம் கொடுத்துவிட்டால் பிறகு தானாய்ப் போகும். அட்டைப்படம் சதுரமாய், 3000 புள்ளிக்கு 3000. கூகுள் பொட்காஸ்ட்ஸ் 2024இல் மூடிப்போயிற்று, பழைய வீடியோக்களில் அதைச் சொல்லியிருந்தால் தேடாதேயும். மூலக் கோப்புகளை உம்மிடமே வையும், இந்த இலவச இடங்கள் எப்போது யார் கையில் போகும் என்று தெரியாது. உம்முடைய ஆட்களுக்கு உண்மையான வழி வாட்ஸ்அப்தான். இங்கே சனிக்கிழமை மாலை 7 மணிக்கு விட்டீரென்றால் கோடையில் ரொறன்ரோவில் காலை 9.30. குழுக்களில் இணைப்பைப் போடும், கோப்பைப் போடாதேயும். கோப்பைப் போட்டால் பிறகு எடுக்கச் சொல்லிக் கேட்டாலும் எடுக்க முடியாது.

சினிமாப் பாட்டு. இதில் உமக்குப் பிடிக்காத பதில்தான் வரும். பாரில் பாடுவது வேறு, அதைப் பதிந்து உலகத்துக்கு விடுவது வேறு. சொல்லுக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒரு உரிமை. கரோக்கே ட்ராக் போட்டுப் பாடினால் அந்த ட்ராக்கின் ஒலிப்பதிவுக்கு மூன்றாவதாய் இன்னொன்று. முப்பது விநாடி வரை போடலாம் என்று ஊரெல்லாம் ஒரு கதை உலாவுகிறது, அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. யூரியூப்பின் இயந்திரம் வேறு ஒருவர் பாடினாலும் மெட்டைக் கண்டுபிடிக்கும். விளம்பரக் காசு உரிமைக்காரருக்குப் போகும், அல்லது அத்தியாயமே மறைந்துவிடும்.

இலங்கையில் எழுதினவர் இறந்து 70 வருசம் போனால் அவருடைய பாட்டு எல்லாருக்கும் பொது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953இல் காலமானவர், ஆகவே அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரித்தோட்டத்து வெருளிப் பாட்டும் 2024 தொடக்கம் உம்முடையது, என்னுடையது, யாருடையதும். நாங்கள் எல்லாரும் சின்ன வகுப்பில் பாடினது. பியர் கிளாசோடு இருக்கிற ஐம்பது வயது ஆட்கள் சேர்ந்து கொழுக்கட்டைப் பாட்டுப் பாடுவதை ஒருக்கா யோசித்துப் பாரும், ஸ்காபரோக்காரர் அழுதுவிடுவார். பாரதி பாட்டும் பொதுச் சொத்துத்தான், ஆனால் பொறியும் அதில்தான். சொல்தான் பொது. சினிமாவில் வந்த மெட்டில் பாடினால் மெட்டமைத்தவரின் உரிமை அப்படியே இருக்கிறது. பழைய மெட்டிலோ கீபோட்காரரின் சொந்த மெட்டிலோ பாடச் சொல்லும். நாட்டார் பாட்டு, கூத்துத் தரு, பாடகரின் சொந்தப் பாட்டு, இதுகளை வைத்தே நாற்பது நிமிடத்தை நிரப்பலாம். எழுபதுகளின் பொப்பிசைப் பாட்டு வேண்டுமென்றால் உரிமைக்காரரைத் தேடிக் கேளும். ஊர்ப் பெடியன் ஒருத்தன் நேரே எழுதிக் கேட்டால் சம்மதிக்கக்கூடும். சினிமாப் பாட்டு நடக்கிற நேரத்தில் ரெக்கோடரை நிறுத்திவிட்டு நீரும் ஒரு கதிரை இழுத்துப் போட்டு இரும்.

காசு விசயம். சாராயக் கொம்பனி ஒன்று அனுசரணை தரும் என்று மாமா நினைக்கிறார் என்று எழுதியிருந்தீர். தரமுடியாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், புகையிலைக்கும் மதுசாரத்துக்குமான தேசிய அதிகாரசபையை அமைத்த சட்டம், மதுசார விளம்பரத்தைத் தடுக்கிறது. அனுசரணை மட்டுமல்ல, உம்முடைய வாயால் ஒரு பியரின் பெயரைப் புகழ்ந்து சொன்னாலும் சிக்கல். அட்டைப்படத்தில் போத்தல் வேண்டாம். “இன்றைக்கு இன்ன விலை” என்று மாமா மைக்கில் அறிவிப்பதையும் வெட்டும். ஒலிபெருக்கியைப் பத்து மணிக்கு நிறுத்தச் சொல்லும், இரவு 10 முதல் காலை 6 வரை அதுக்கு அனுமதி கிடையாது என்பது 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலிருந்து வருகிற நடைமுறை. பத்துக்குப் பிறகு டோலக் மட்டும்.

போயா நாளில் பார் பூட்டு. அன்றைக்கு அறை வெறுமையாய் இருக்கும், போய் மைக் இடங்களை ஆற அமரப் பரீட்சித்துப் பாரும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் பாதிப்பேர் குடிப்பதில்லை, பாடகரில் பாதிப்பேரும் வரமாட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வெளிநாட்டு ஆட்கள் ஊருக்கு வந்து நிற்பார்கள். அப்போது பதிய நினையாதேயும், காருக்குள் இருத்தி அவர்களோடு பேசும்.

பெயர். பாரின் பெயரை வைக்க வேண்டாம், விளம்பரம் என்று யாராவது கிளம்புவார்கள். மாமாவிடம் வருகிறவர்கள் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறார்கள் என்று கேட்டுப் பாரும். பாருக்குப் போறன் என்று எங்கட ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. “ஒருக்காச் சந்தியடிக்குப் போட்டு வாறன்” என்றுதான் சேட்டைப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். ‘சந்தியடி’ என்று வையும். ஸ்காபரோவில் மனிசன் காதில் மாட்டிக்கொண்டு நிற்கையில் மனிசி என்ன கேட்கிறியள் என்று கேட்டால், அங்கேயும் அதே பதிலைச் சொல்லலாம்.